சிக்னல் போகும் வளைவு

இரவு ஒன்றரைக்கு அருவங்காட்டில் பிக்கப் வரும்.
காலிச் சாக்குகளின் மேல் ஒன்பது பேர்.
கேத்தி பாலாடாவுக்குக்
கேரட் கழுவப் போகிறோம்.
ஒரே இயர்போன்.
இடது எனக்கு, வலது சுகுமாரிக்கு.
அவள் சட்டென்று திரும்பினால்
என் காதிலிருந்து கழன்றுவிடும்.

உள்ளங்கை அகல சியோலில்
மழை பெய்துகொண்டிருக்கிறது.
கம்பெனி முதலாளியின் மகன்
தன் தோள் நனைய நனைய
அவளுக்கு மட்டும் குடை பிடிக்கிறான்.
"பொய்யி" என்கிறாள் சுகுமாரி.
"முதலாளி மகன் நம்ம பக்கம் வந்தா
மூட்டை எண்ணத்தான் வருவான்."

இப்படி நிறைய பிடித்து வைத்திருக்கிறாள்.
தூங்கி எழுந்த முகத்தில் அழியாத உதட்டுச்சாயம்.
பஸ்ஸில் தோளில் சாய்ந்து உறங்குகிறவளுக்கு
எச்சில் ஒழுகாமல் இருப்பது.
வாடகை பாக்கி என்று அழுகிறவள்
நாளுக்கு ஒரு கோட்டு மாற்றுவது.
காய்ச்சல்காரியை முதுகில் தூக்கிக்கொண்டு
மேட்டில் ஓடுகிறானே, அது?
"எங்க, எல்லநள்ளி மேட்டுல ஓடிக் காட்டச் சொல்லு."

நான் வாய் திறப்பதில்லை.
ஆனாலும்
"குளிரலையா" என்று அவன் கேட்கும்போது
பல் கிட்டிக்க "இல்லை" என்கிறாளே,
அந்தப் பொய் நிஜம்.
முழங்கை வரை தண்ணீரில் விட்டபடி
மேஸ்திரியிடம் நாங்கள் சொல்வதுதான்.
டப்பிங் வராத முதல் வாரங்களில் கேட்டிருக்கிறேன்,
அவர்களும் அப்பாவை
அப்பா என்றே கூப்பிடுகிறார்கள்.
அதை யாரும் மாற்றிப் பேச வேண்டியதில்லை.

அங்கே முதல் பனி விழும் நாளில்
காதல் சொன்னால் பலிக்குமாம்.
இங்கே முதல் உறைபனி விழுந்த காலையில்
உருளைக்கிழங்குச் செடியெல்லாம்
வெந்த கீரைபோலக் கறுத்துக் கிடந்தது.
தோட்டக்காரர் கூலிக்குக் கடன் சொன்னார்.
ஆனால் விடியும் வரைக்கும்
புல் அத்தனை வெள்ளையாக இருந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
சுகுமாரியே போட்டோ எடுத்தாள்.

பதினான்காம் எபிசோடு.
மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தவன்
ஆற்றுப் பாலத்தில் அவள் முன்னால் நின்று
வாயைத் திறக்கிறான்

வளைவு.
சிக்னல் போய்விட்டது.
பாதி திறந்த வாயின் மேல்
வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"என்ன சொல்ல வந்தான்?"
மன்னிப்புக் கேட்பான் என்றாள்
இதுவரை ஒரு எபிசோடும் பார்க்காத ஆரோக்கியம்.
"கைமாத்தா காசு கேப்பான்"
முன்சீட்டிலிருந்து டிரைவர்.
சாக்குகள் குலுங்கச் சிரித்தோம்.

சுகுமாரி சிரிக்கவில்லை.
அவள் வீட்டுக்காரர் திருப்பூர் போய்
ஒரு வருஷம் எட்டு மாசம்.
ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.
"அடுத்த மாசம் வந்துர்றேன்."
சுத்தமான தமிழ்.

நின்றுபோன முகத்தையே பார்த்திருந்தாள்.
பிறகு யாரிடமோ சொல்வதுபோல,
"சாப்பிட்டியான்னு கேப்பான்."

வண்டி கியர் மாறியது.

பாலாடா இறக்கத்தில் சிக்னல் வந்தது.
வட்டம் மறைந்தது, வாய் அசைந்தது.
"என் வானத்தில் உன்னைத் தவிர
வேறு நட்சத்திரமே இல்லை"
என்றது யாரோ ஒருவரின் கனத்த குரல்.
"பொய்யி" என்றேன்.
நான் சொல்வது அதுதான் முதல் தடவை.
"சும்மா இரு.
சொல்லட்டும்" என்றாள் சுகுமாரி.

விளக்குகள் தெரிந்தன.
முதல் லோடு
சேறும் தழையுமாகச் சரிந்து கிடந்தது.
இயர்போனைச் சுருட்டி
என் ஸ்வெட்டர் பையில் போட்டுவிட்டு
உறையை மாட்டிக்கொண்டாள்.

இன்னும் இரண்டு எபிசோடு இருக்கிறது.
என் நெட் பேக்
இன்றைக்கு ராத்திரியோடு முடிகிறது.